பெயரைப் படிப்பதா, வாயை அளப்பதா?

பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய மரப்பெட்டி ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. உள்ளே கைப்பிடி சுற்றும் பித்தளைக் கருவி ஒன்று; அதன் அடியில் மேசை விளிம்பில் மாட்டும் திருகு. பக்கத்தில் வழுவழுப்பான மரக்கோல், அடித்தட்டை ஏற்றி இறக்கக்கூடிய சிறு கிண்ணம், முனையில் கூர்வட்டம் கொண்ட எஃகுக் குழாய், பாக்குவெட்டியைப் போல இரண்டு கைகள் சேரும் ஏதோ ஒன்று. காப்பிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் என்பார் ஒருவர். தோல் துளைக்கும் உளி என்பார் இன்னொருவர். மருந்துக்கடை அளவை என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். அவ்வளவும் சேர்ந்து ஒரே வேலைக்கானது: சுட்டு முடித்த சிதறுதுப்பாக்கித் தோட்டாவின் காகிதக் கூட்டை மறுபடி நிரப்பி மூடுவது.

இந்தக் கருவிகளைப் பல ஆண்டுகளாகக் கையில் எடுத்துப் பார்த்துவருகிறேன். புதிதாகச் சேகரிக்கத் தொடங்கும் எவரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான்: எங்கிருந்து ஆரம்பிப்பது? பொறித்திருக்கும் பெயரிலிருந்தா, காப்புரிமை எண்ணிலிருந்தா, உலோகத்திலிருந்தா, பழைய விலைப்பட்டியல்களிலிருந்தா? பெரும்பாலோர் பெயரிலிருந்து தொடங்குகிறார்கள். என் தேர்வு வேறு. கருவியின் எந்தப் பகுதி தோட்டாவைத் தொட்டதோ, அந்த வாயிலிருந்து தொடங்க வேண்டும். பெயரைக் கடைசியில்தான் படிக்க வேண்டும். இந்த முடிவுக்கு ஏன் வந்தேன் என்பதையும், எந்தச் சூழலில் மற்ற வழிகள் மேலானவை என்பதையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் வேலையின் வரிசை. சுட்ட கூட்டின் அடியிலிருந்து பழைய கேப்பை, அதாவது அடிபட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு உலோக மூடியை, தள்ளி எடுத்துப் புதியதை அழுத்த வேண்டும். வெடிமருந்தை அளந்து கொட்ட வேண்டும். அதன்மேல் கம்பளித் தக்கையை இறக்கி அழுத்த வேண்டும். பிறகு ஈய ரவை, அதன்மேல் மெல்லிய அட்டை. கடைசியில் கூட்டின் விளிம்பை உள்நோக்கி மடித்து மூட வேண்டும். கேப்பு மாற்றும் நெம்புகோல், அளவைக் கிண்ணம், மரக்கோல், தக்கை வெட்டும் உளி, மடிப்பு இயந்திரம் என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி. கையிலிருப்பது எந்தப் படிக்கு உரியது என்று தெரிந்துவிட்டால் பாதி அடையாளம் கிடைத்தாயிற்று.

பெயர் சொல்வது எவ்வளவு?

பெயர் கவர்ச்சியானது. பித்தளையில் லண்டன் துப்பாக்கிக் கடை ஒன்றின் பெயரைக் கண்டதும் யாருக்கும் உள்ளம் துள்ளும். ஆனால் அது பெரும்பாலும் விற்றவரின் பெயர், செய்தவரின் பெயர் அன்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனில் இந்தக் கருவிகளைப் பெரிய அளவில் செய்தவை ஷெஃபீல்டு நகரப் பட்டறைகள். ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஜி. அண்ட் ஜே. டபிள்யூ. ஹாக்ஸ்லி என்ற இரண்டு பெயர்களும் அடிக்கடி கண்ணில் படும். அவர்கள் தம் பெயரில் விற்றார்கள். துப்பாக்கிக் கடைகள் கேட்டால் அந்தக் கடைகளின் பெயரைப் பொறித்தும் கொடுத்தார்கள். அதனால் ஒரே அச்சில் வார்த்த இரண்டு கருவிகள் இரண்டு வெவ்வேறு பெயர்களைத் தாங்கி நிற்கலாம். டிக்சனின் எக்காள முத்திரை பொறிக்கப்பட்டிருந்தால் செய்தவரைப் பற்றிய ஐயம் குறையும். முத்திரையே இல்லாத கருவியும் அதே பட்டறையிலிருந்து வந்திருக்கக்கூடும்.

அமெரிக்கக் கருவிகளில் சிக்கல் வேறு வகை. அங்கே பெயர் உண்மையாகவே செய்தவருடையது. ஆனால் அது செய்தவரைவிட நீண்ட காலம் வாழ்ந்திருக்கும். கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் 1884-இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1910-இல் அது மார்லின் நிறுவனத்தின் கைக்குப் போனது. 1925-இல் மிடில்ஃபீல்டைச் சேர்ந்த லைமன் வாங்கியது. லைமன் அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் ஐடியல் என்ற பெயரைப் பயன்படுத்திவந்தது. எனவே ஐடியல் என்று மட்டும் படித்துவிட்டு 19-ஆம் நூற்றாண்டு என்று எழுதிவிடாதீர்கள். அதே முத்திரையில் எந்த ஊர் இருக்கிறது என்று பாருங்கள். நியூ ஹேவன் என்றால் முந்தைய காலம். மிடில்ஃபீல்டு என்றால் 1925-க்குப் பிந்தையது. நிறுவனத்தின் பெயரைவிட ஊரின் பெயர் தெளிவாகப் பேசுகிறது. பி.ஜி.ஐ. என்ற மூன்றெழுத்து முத்திரையும் அமெரிக்கக் கருவிகளில் தென்படும். அது பிரிட்ஜ்போர்ட் கன் இம்ப்ளிமென்ட் கம்பெனியின் சுருக்கம்.

எண்களும் சுருக்கெழுத்துகளும்

பெயரைவிட எண்களை நான் அதிகம் மதிக்கிறேன். ஆனால் அவற்றைப் படிக்கும் முறை தெரிந்திருக்க வேண்டும். எண் பெரும்பாலும் ஒரு காலத்தின் கீழ்வரம்பைத்தான் தருகிறது. கருவி அதற்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது. அதற்குப் பின் எவ்வளவு காலம் கழித்தும் செய்யப்பட்டிருக்கலாம்.

பிரிட்டிஷ் கருவியில் ஆர்.டி. என்ற எழுத்துகளோடு எண் இருந்தால் அது வடிவப் பதிவு எண். இந்த வரிசை 1884-இல் ஒன்றிலிருந்து தொடங்கி, 1900 தொடங்கும்போது ஏறத்தாழ 3,50,000-ஐ எட்டியிருந்தது. அதற்கு முன், 1842 முதல் 1883 வரை, வைர வடிவக் குறி ஒன்று பயன்பட்டது. அதன் மூலைகளில் உள்ள எழுத்துகளும் எண்களும் நாள், மாதம், ஆண்டைக் குறிக்கும். காப்புரிமை எண் என்றால் எச்சரிக்கை தேவை. பிரிட்டனில் 1916-க்கு முன் ஒவ்வோர் ஆண்டும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது. ஆண்டு பொறிக்காத ஐந்திலக்க எண் தனியாக நின்றால் அது எந்த ஆண்டு என்று எண்ணைக்கொண்டு மட்டும் சொல்ல முடியாது. 1916-இல்தான் 1,00,001-இலிருந்து தொடர் வரிசை வந்தது. ஆறிலக்கக் காப்புரிமை எண் என்றால் 1916-க்கு முந்தையது அன்று என்று உறுதியாகச் சொல்லலாம்.

அமெரிக்கர்கள் காப்புரிமை தந்த நாளையே பொறிப்பது அந்நாளைய வழக்கம். இதில் ஓர் அழகான சோதனை இருக்கிறது. அமெரிக்கக் காப்புரிமைகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில்தான் வழங்கப்பட்டுவருகின்றன. பத்து லட்சமாவது காப்புரிமை வழங்கப்பட்ட 1911 ஆகஸ்ட் 8-ஆம் தேதியும் செவ்வாயே. மங்கிப்போன முத்திரையில் 3 என்று படிப்பதா 8 என்று படிப்பதா எனத் தடுமாறும்போது, எந்தத் தேதி செவ்வாயில் விழுகிறது என்று நாட்காட்டியில் பாருங்கள். எனக்கு இது பலமுறை கைகொடுத்திருக்கிறது. தேதி கிடைத்துவிட்டால் அந்த வாரத்தின் காப்புரிமைகளைத் தேடி, படத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

ஐரோப்பியச் சுருக்கங்களில் எஸ்.ஜி.டி.ஜி. பலரை ஏமாற்றுகிறது. அதை ஒரு பட்டறையின் பெயர் என்று நினைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். அரசின் உத்தரவாதம் இன்றி வழங்கப்பட்ட காப்புரிமை என்பதன் பிரெஞ்சுச் சுருக்கம் அது. 1844 முதல் 1968 வரை வழங்கியதால் காலத்தைக் கணிக்க அது பயன்படாது. கருவி பிரான்ஸோடு தொடர்புடையது என்பதை மட்டும் சொல்லும். ஜெர்மன் பேரரசின் காப்புரிமையைக் குறிக்கும் டி.ஆர்.பி. 1877-இலும், அங்கே பதிவான பயன் வடிவத்தைக் குறிக்கும் டி.ஆர்.ஜி.எம். 1891-இலும் தொடங்கியவை. கருவியில் இங்கிலாந்து, ஜெர்மனி என்று நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், 1890-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கச் சட்டம் நினைவுக்கு வர வேண்டும். அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் பிறந்த நாட்டைக் குறிக்கச் சொன்னது அது. நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக 1890-க்கு முந்தையது என்று முடிவுகட்டக் கூடாது. உள்நாட்டில் விற்ற கருவிக்கு அந்தக் கட்டாயம் ஏது?

வாயை அளப்பது

இப்போது என் முதல் தேர்வுக்கு வருகிறேன். இதற்கு வேண்டியது ஒரு வெர்னியர் அளவுகோலும் பொறுமையும் மட்டுமே.

சிதறுதுப்பாக்கிக் குழலின் அளவைப் போர் (bore) என்ற எண்ணால் சொல்வார்கள். 12 போர் என்பது 12 மில்லிமீட்டர் அன்று. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம அளவில் 12 உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ, அதுதான் 12 போர் குழலின் உள்விட்டம்: ஏறத்தாழ 18.5 மி.மீ. 16 உருண்டைகளாக வார்த்தால் உருண்டை சிறுக்கும். 16 போர் 16.8 மி.மீ., 20 போர் 15.6 மி.மீ., 28 போர் 14 மி.மீ. எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். .410 மட்டும் இந்தக் கணக்கில் அடங்காது. அது நேரடியாக அங்குல அளவு, 10.4 மி.மீ.

இந்தத் தலைகீழ்க் கணக்கே நம் கையில் ஒரு சோதனையாகிறது. எஃகு உளியில் 12 என்று பொறித்திருக்கிறதா? அதன் வாயை அளந்து பாருங்கள். 12 மி.மீ. வந்தால் அது தோல் வேலைக்கோ வளையம் வெட்டவோ பயன்பட்ட சாதாரண உளி. 18.5-ஐ ஒட்டியோ சற்றுக் கூடவோ வந்தால் அது தக்கை வெட்டும் உளி. 20 என்று பொறித்து 15.6-ஐ ஒட்டி வந்தாலும் அப்படியே. 16 மட்டும் சங்கடமானது: 16.8-க்கும் 16-க்கும் இடையே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தேய்ந்து சாணைபிடித்த வாயில் அந்த வேறுபாடும் கரைந்துபோயிருக்கும். அப்போது பக்கத்தில் வெட்டிய தக்கை வெளியேறும் திறப்பு, தலையில் சுத்தியல் அடித்த தழும்பு ஆகியவற்றைப் பார்த்தாலும் தீராது. இரண்டு வகை உளிகளுக்கும் அவை பொது. அத்தகைய உளியை உறுதி என்று எழுதாமல் விட்டுவிடுவதே நேர்மை. 11 என்று பொறித்த உளியைக் கண்டு குழம்ப வேண்டாம். முழுப் பித்தளைக் கூடுகளின் சுவர் காகிதக் கூட்டின் சுவரைவிட மெல்லியது. உள்ளே இடம் அதிகம். அதனால் 12 போர் பித்தளைக் கூட்டுக்கு 11 அல்லது 10 எண் தக்கை தேவைப்பட்டது.

மடிப்பு இயந்திரத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். அந்தத் தவறுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். பித்தளையில் அருமையாக வார்த்த ஓர் இயந்திரம். போர் எண் பொறித்த இடம் தேய்ந்திருந்தது. தோட்டாவைத் தாங்கும் குழியை அளந்தேன். 18.6 மி.மீ. வந்தது. 18.5 என்றால் 12 போர்தானே என்று நினைத்து அப்படியே பதிந்து, என்னிடம் இருந்த 12 போர் பெட்டியோடு சேர்த்துவைத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து வெற்றுக் கூடு ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்தபோதுதான் நுழையவில்லை. குழி தாங்குவது கூட்டின் வெளிவிட்டத்தை. நான் ஒப்பிட்டதோ குழலின் உள்விட்டத்தோடு. 12 போர் கூட்டின் வாயருகே வெளிவிட்டம் 20.3 மி.மீ. அளவில் இருக்கும், 16 போருக்கு 18.6, 20 போருக்கு 17.4. ஒன்றின் வெளிவிட்டம் மற்றொன்றின் உள்விட்டத்தோடு ஏறக்குறையப் பொருந்திவிடுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் தவறாகச் சொல்லிவிட்டேனே என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஆகவே அளக்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பகுதி கூட்டின் உள்ளே போனதா, கூட்டைச் சுற்றி நின்றதா, தக்கையை வெட்டியதா? உள்ளே போன மரக்கோல் என்றால் போர் அளவைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். சுற்றி நின்ற குழி என்றால் கூட்டின் வெளிவிட்டத்தைவிட மயிரிழை அளவு கூடுதலாக இருக்கும். வெட்டிய உளி என்றால் போர் அளவை ஒட்டியோ மேலாகவோ இருக்கும்.

அளவுக்குப் பிறகு வடிவம். மடிப்பு இயந்திரத்தின் சுழலும் தலையைத் திருப்பி உள்ளே பாருங்கள். வழுவழுப்பான கிண்ணத்தில் குறுக்கே ஒரு முள்ளோ பள்ளமோ இருந்தால் அது உருட்டு மடிப்புக்கானது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற, நெம்புகோல் தோட்டாவைத் தலையை நோக்கி அழுத்த, காகித விளிம்பு உராய்ந்து உள்நோக்கிச் சுருளும். அந்த முள் ஒரு பக்கமாகத் தேய்ந்து பளபளத்தால் கருவி உழைத்திருக்கிறது என்று பொருள். ஆறு அல்லது எட்டு வரிப்பள்ளங்கள் கொண்ட கூம்பு இருந்தால் அது நட்சத்திர மடிப்பு. விளிம்பைச் சுருட்டாமல் இதழ்களாக மடித்து நடுவில் சேர்ப்பது. நட்சத்திர மடிப்பு பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. அதனால் வரிக்கூம்பு கொண்ட கருவியை விக்டோரியா காலத்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மறுபுறம், உருட்டு மடிப்பு என்பதாலேயே பழையது ஆகிவிடாது. அது இன்றுவரை வழக்கில் இருக்கிறது.

குழியின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு இருக்கிறதா? இருந்தால் பின்ஃபயர் தோட்டாவை நினையுங்கள். அந்தத் தோட்டாவின் அடிப்பகுதியில் பக்கவாட்டில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். துப்பாக்கியின் சுத்தி அந்த முள்ளை அடிக்க, முள் உள்ளேயிருக்கும் கேப்பை அடிக்கும். பாரிஸ் நகரத்து லெஃபோஷோ 1830-களில் உருவாக்கிய முறை இது. 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்குப் பிறகு பிரிட்டனிலும் பரவியது. முள் தட்டாமல் தோட்டா உட்கார வேண்டுமென்றால் குழியில் வெட்டு வேண்டும். மரக்கோலால் இடிக்கும்போது தோட்டாவை நிறுத்தும் பீடத்திலும் வேண்டும். நடுவில் கேப்பு கொண்ட தோட்டாவை 1861-இல் லண்டனில் ஜார்ஜ் டா விற்பனைக்குக் கொண்டுவந்தார். காப்புரிமை வழக்கில் ஈலி சகோதரர்களிடம் அவர் தோற்ற பிறகு மற்றவர்களும் அதைத் தடையின்றிச் செய்தார்கள்; பின்ஃபயர் பின்தங்கியது. ஆனாலும் ஐரோப்பாவில், குறிப்பாகப் பிரான்ஸில், பின்ஃபயர் துப்பாக்கிகள் 20-ஆம் நூற்றாண்டிலும் புழங்கின. ஆகவே அந்த வெட்டு வகையைச் சொல்லும், வயதைச் சொல்லாது. என் கண்ணுக்கு மிக அழகான சின்னம் அதுதான். ஒரு சிறு வெட்டில் மறைந்துபோன ஒரு தோட்டா வகை முழுவதும் தெரிகிறது.

அளவைக் கிண்ணமும் வாயால் பேசும். கைப்பிடியில் அல்லது உள்ளே நகரும் கோலில் எந்த அலகு இருக்கிறது? மருந்துக்கு டிராம், ரவைக்கு அவுன்ஸ் என்றால் பிரிட்டனோ அமெரிக்காவோ. கிராம் என்றால் ஐரோப்பியக் கண்டம். 16 டிராம் ஓர் அவுன்ஸ், அதாவது 28.35 கிராம். கருமருந்துக் காலத்தில் டிராம் மட்டும் போதுமாயிருந்தது. புகை குறைந்த மருந்துகள் வந்த பிறகு அவற்றின் பெயர்களே அளவைகளில் ஏறின. ஷூல்ட்சே 1860-களில் பிறந்தது, ஈ.சி. மருந்து 1882-இல் வந்தது. ஈ.சி. என்று பொறித்த அளவை 1882-க்கு முந்தையதாக இருக்க வழியே இல்லை. ஒரே சொல்லில் ஓர் ஆண்டு கிடைக்கிறது!

உலோகமும் திருகும்

பொருளை வைத்துக் கணிப்பது சுவையானது. ஆனால் தனியே நின்றால் வலுவில்லாதது. பித்தளையும் வார்ப்பிரும்பும் ஈட்டி மரமும் மஹாகனியும் நூறாண்டுகள் மாறாமல் இருந்தன. மாறியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். கருநிறக் கைப்பிடி மரமா, கொம்பா, பேக்லைட்டா? பேக்லைட் என்றால் 1909-க்கு முன் போகாது. கூட்டல் குறித் தலையுள்ள திருகு 1930-களில்தான் வந்தது. அலுமினிய வார்ப்பு என்றால் 20-ஆம் நூற்றாண்டு, பெரும்பாலும் அதன் பிற்பாதி. இவை கைப்பிடி மாற்றப்பட்டதாலும் வந்திருக்கலாம். எனவே ஒரே ஒரு திருகை வைத்து முழுக் கருவியையும் தள்ளிவிடாதீர்கள்.

மேசையில் மாட்டும் பெரிய திருகின் மரையைப் பலர் பார்ப்பதே இல்லை. மரையின் இடைவெளியை ஒப்பிடும் பல்வைத்த தகடான மரைச் சீப்பை வைத்துப் பாருங்கள். மில்லிமீட்டர்ச் சீப்பு பொருந்தினால் ஐரோப்பியக் கண்டத்தது. அங்குலச் சீப்பு பொருந்தினால் பிரிட்டனா அமெரிக்காவா என்ற கேள்வி எழும். பிரிட்டனின் விட்வொர்த் மரைக்குக் கோணம் 55 பாகை. அமெரிக்க மரைக்கு 60. கால் அங்குலத் திருகில் இரண்டிலும் அங்குலத்துக்கு 20 மரைதான். எண்ணிப் பார்த்துப் பயனில்லை, கோணத்தைத்தான் பார்க்க வேண்டும். அரை அங்குலத்தில் மட்டும் பிரிட்டனுக்கு 12, அமெரிக்காவுக்கு 13 என்று எண்ணிக்கையே காட்டிக்கொடுத்துவிடும்.

விலைப்பட்டியல்களைப் பற்றிச் சுருக்கமாக. பட்டறைகளின் பழைய பட்டியல்களும், சியர்ஸ் போன்ற அமெரிக்க அஞ்சல்வழி வணிகர்களின் தடித்த பட்டியல்களும் கோட்டுப் படங்களோடு இந்தக் கருவிகளைக் காட்டுகின்றன. ஷெஃபீல்டின் கெல்ஹாம் ஐலண்ட் அருங்காட்சியகத்தில் உள்ள ஹாலி தொகுப்பில் கருவிகளோடு பட்டறைப் பட்டியல்களும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. படம் பொருந்தினால் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால் பட்டியலின் ஆண்டு அந்தக் கருவி விற்பனையில் இருந்த ஓர் ஆண்டு. பிறந்த ஆண்டு அன்று. எது என்றே தெரியாத பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பக்கங்களைப் புரட்டுவது கடலில் ஊசி தேடுவது. வகையும் போர் எண்ணும் தெரிந்த பிறகு அங்கே போனால் பத்து நிமிட வேலை.

எப்போது எதைத் தேர்வது

ஒரு விற்பனைக் கூடத்தில் நின்றபடி, கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கச் சில நிமிடங்கள் மட்டுமே இருந்தால்: வாயை அளந்து, தலையின் உட்புறத்தைப் பார்த்து, தேய்மானம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். பெயருக்காக ஒரு நொடியும் செலவிட வேண்டாம், அது ஓடிப்போகாது.

படம் மட்டுமே கிடைக்கிறது என்றால் நிலைமை தலைகீழ். விற்பவர் அனுப்பும் படத்தில் முத்திரைதான் பெரிதாகத் தெரியும். அப்போது எண்ணும் சுருக்கெழுத்துமே உங்கள் ஆதாரம். இருந்தாலும் குழியின் வாயில் அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பும்படி கேளுங்கள். அந்தப் படம் கைக்கு வராமல் நான் ஒருபோதும் முடிவெடுப்பதில்லை.

பெட்டி முழுவதும் வந்திருந்தால் கருவிகளோடு வந்த சில்லறைப் பொருள்களையும் சேர்த்துப் படியுங்கள். தக்கைப் பொட்டலத்திலும் கேப்பு டப்பாவிலும் உள்ள பெயர்கள் நன்கு ஆண்டு காட்டும்: நோபல் இண்டஸ்ட்ரீஸ் என்றால் 1920 முதல் 1926 வரை, அது இணைந்து உருவான ஐ.சி.ஐ. என்றால் அதற்குப் பிறகு. இவை பெட்டியைக் கடைசியாகப் பயன்படுத்திய காலத்தைக் காட்டுமே தவிர, செய்த காலத்தை அன்று. 1880-களின் பெட்டியில் 1930-களின் கேப்பு இருப்பது இயல்பான ஒன்று. ஒரே பெட்டி இரண்டு தலைமுறை உழைத்திருக்கிறது.

பெயரை முதலில் நம்பத் தகுந்த ஓர் இடமும் உண்டு. 1950-களுக்குப் பிந்தைய அமெரிக்கக் கருவிகள் அவை. விஸ்கான்சினைச் சேர்ந்த மெக் நிறுவனத்தின் நெம்புகோல் இயந்திரங்களிலும், ரிச்சர்டு லீ 1958-இல் சிதறுதுப்பாக்கித் தோட்டாவுக்கென உருவாக்கிய கைக்கருவித் தொகுப்பிலும் பெயர் செய்தவருடையதே. அங்கே பெயரோடு மாதிரி எண்ணையும் போர் எண்ணையும் சேர்த்துப் படித்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். இவற்றை இளையவை என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள்; எனக்கு அதில் உடன்பாடில்லை. காகிதக் கூட்டிலிருந்து 1960-களின் பிளாஸ்டிக் கூட்டுக்கு மாறிய கதை இந்தக் கருவிகளின் வாயில்தான் எழுதியிருக்கிறது.

எந்த வழியைத் தேர்ந்தாலும் இரண்டு விஷயங்களில் தளர்ச்சி கூடாது. முதலாவது, பாதுகாப்பு. பெட்டியில் கேப்புகள் இருந்தால் அவை எவ்வளவு பழையவையாக இருந்தாலும் உயிருள்ளவை என்றே கொள்ள வேண்டும். பழைய கேப்புகளில் பாதரச ஃபல்மினேட் இருக்கும். கேப்பு மாற்றும் கருவியின் வாயில் ஒன்று சிக்கியிருந்தால் கம்பியால் குத்தி எடுக்கக் கூடாது. அளவைக் கிண்ணத்தின் அடியில் கரிய தூள் தட்டுப்பட்டால் நெருப்பருகே கொண்டுபோகக் கூடாது. கேப்போ மருந்தோ கிடைத்தால் அசைக்காமல் வைத்து, காவல்துறைக்கோ உரிமம் பெற்ற வல்லுநருக்கோ சொல்லிவிடுங்கள். டிராம் குறித்த அளவை கருமருந்துக்குச் செய்தது. அதே கன அளவில் இன்றைய அடர்த்தியான மருந்தைக் கொட்டினால் துப்பாக்கிக் குழலே வெடிக்கக்கூடும். இந்தக் கருவிகளைப் படிக்கலாம், பாதுகாக்கலாம், காட்டலாம். தோட்டா நிரப்ப இவற்றை எடுக்கக் கூடாது.

இரண்டாவது, மெருகு. பித்தளையைத் தேய்த்துப் பொன்னாக்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். தயவுசெய்து வேண்டாம். 140 ஆண்டுகள் தாங்கிய முத்திரையை ஒரு மாலைப் பொழுதில் அழித்துவிடலாம். முள்ளின் தேய்மானமும் அதோடு போகும். மென்தூரிகையால் தூசியைத் தட்டி, எஃகுப் பகுதியில் மெல்லிய எண்ணெயைத் தொட்டு வையுங்கள். மங்கிய எழுத்தைப் படிக்க இருட்டறையில் கைவிளக்கைச் சாய்வாகப் பிடியுங்கள். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைப் படுக்கையாக உரசினாலும் எழுத்து எழும்பி வரும்.

கடைசியாக, ஒவ்வொரு கருவிக்கும் நூலில் கட்டிய ஓர் அட்டை. என் அட்டைகளில் இரண்டு பகுதிகள் உண்டு. இடப்பக்கத்தில் அளந்தவையும் கண்ணால் கண்டவையும் மட்டும்: குழி 18.6 மி.மீ., தலையில் ஒரு முள், வெட்டு இல்லை, மரை அங்குல அளவு, 55 பாகை. வலப்பக்கத்தில் அவற்றிலிருந்து நான் கருதியவை: 16 போர், உருட்டு மடிப்பு, நடுவில் கேப்பு கொண்ட தோட்டாவுக்கானது, பிரிட்டிஷ் வார்ப்பு. வலப்பக்கத்தை எப்போதும் பென்சிலால்தான் எழுதுகிறேன். நான் தவறாகப் பதிந்த அந்த இயந்திரத்தின் அட்டையில் 12 என்று எழுதி அழித்த தடம் இன்னும் தெரிகிறது. அதன் பக்கத்தில் 16. செய்தவர் பெயர் என்ற இடம் காலியாகவே இருக்கிறது.